தென்முனைக் கடலின் கணக்கேடு

1775 ஜனவரி 17ஆம் நாள் ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக், தென் அட்லாண்டிக் கடலின் குளிர் மூலையில் ஒரு நிலத்தில் கால் பதித்தார். நடுக்கோடையிலும் அங்கே மலைகள் உறைபனியில் மூழ்கிக் கிடந்தன. விறகுக்குக்கூட ஒரு மரமில்லை. நெடுங்காலமாக ஐரோப்பியர் கற்பனை செய்துவந்த தென்கண்டத்தின் ஓரம் இதுவாகவே இருக்கும் என்று அவர் கரையோரமாகக் கப்பலைச் செலுத்தினார். மூன்றே நாளில் தென்கோடி வந்துவிட்டது. அது வெறும் தீவு என்பது விளங்கிவிட்டது. அந்த முனைக்கு அவர் இட்ட பெயர் 'ஏமாற்ற முனை'. தீவுக்குத் தம் மன்னர் ஜார்ஜின் பெயரைச் சூட்டினார். தெற்கு ஜார்ஜியா என்று நாம் நிலப்படத்தில் காண்பது அதுவே. இந்நிலத்தால் எவருக்கும் எப்பயனும் விளையாது என்பதே குக்கின் முடிவாக இருந்தது.

ஆனால் 1777இல் வெளிவந்த அவருடைய பயண நூலில், அத்தீவின் கரைகளில் கடல்நாய்கள் மிகுதி என்ற செய்தியும் இருந்தது. மற்றவற்றையெல்லாம் மறந்தவர்கள் இதை மட்டும் மறக்கவில்லை. 1786 முதல் இங்கிலாந்திலிருந்தும், பின்னர் அமெரிக்காவிலிருந்தும் வேட்டைக் கப்பல்கள் அங்கே வரத் தொடங்கின. கடல்நாயின் மென்மயிர்த் தோலுக்குச் சீனத்தின் கான்டன் சந்தையிலும் இலண்டனிலும் நல்ல விலை கிடைத்தது. தப்பி ஓடத் தெரியாத அந்த உயிர்களைத் தடியால் அடித்தே கொன்றுவிடலாம். வெடிமருந்துச் செலவுகூட இல்லை.

இவ்வேட்டையின் கணக்கை நமக்கு விட்டுச் சென்றவர் ஜேம்ஸ் வெடல் என்னும் கப்பல் தலைவர். அவரும் வேட்டைக்காரரே. 1823 பிப்ரவரியில், அதுவரை எவரும் சென்றிராத தொலைவு தெற்கே சென்று அவர் கண்ட கடல் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1825இல் அவர் வெளியிட்ட நூலில், தெற்கு ஜார்ஜியாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 12 இலட்சம் தோல்கள் கொண்டுபோகப்பட்டன என்று மதிப்பிடுகிறார். 1819இல் கண்டறியப்பட்ட தெற்கு ஷெட்லாந்துத் தீவுகளிலோ, 1821, 1822 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 3,20,000 கடல்நாய்கள் கொல்லப்பட்டன. பிறந்து மூன்று நான்கு நாள்களே ஆன குட்டிகள் தாயை இழந்து கரையிலேயே மடிந்தன. அவை மட்டும் குறைந்தது ஒரு இலட்சம் இருக்கும் என்கிறார். குட்டிகள் நீந்தக் கற்கும்வரை தாய்களை விட்டுவைத்திருந்தால், ஆண்டுக்கு ஒரு இலட்சம் தோல் வீதம் நெடுங்காலத்துக்கு எடுத்திருக்கலாமே என்றும் வருந்துகிறார். இரக்கத்தைவிட வணிகரின் கூட்டல் கழித்தலே அவ்வருத்தத்தில் மிகுதி என்று சிலர் கூறலாம். ஆயினும் அந்தக் கடலுக்காக எழுந்த முதற்குரல்களுள் ஒன்று அதைக் கொள்ளையிட்டவர் வாயிலிருந்தே வந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இவ்வரலாற்றில் இது மீண்டும் மீண்டும் நிகழ்கிறது.

கடல்நாய்கள் அருகிய பின் பல பத்தாண்டுகள் தெற்கு அமைதியாயிற்று. திமிங்கிலங்கள் ஏராளமாக இருந்தன. ஆனால் நீலத் திமிங்கிலத்தையும் துடுப்புத் திமிங்கிலத்தையும் துடுப்புப் படகில் துரத்திப் பிடிக்க இயலாது. கொன்றாலும் அவை மூழ்கிவிடும். நார்வே நாட்டவரான ஸ்வென் ஃபோயின் 1860களில் இத்தடையை நீக்கினார். நீராவிப் படகு, அதன் முகப்பில் ஒரு பீரங்கி, பீரங்கியில் வெடிகுண்டு பொருத்திய ஈட்டி. கொன்ற உடலினுள் காற்றைச் செலுத்தி மிதக்கவைக்கும் உத்தியும் விரைவில் வந்து சேர்ந்தது. வடகடல்களில் இக்கருவி தன் வேலையை முடித்த பிறகு தெற்கு நோக்கித் திரும்பியது.

கார்ல் அன்டன் லார்சன் என்ற நார்வேக் கப்பல் தலைவர், 1903இல் சுவீடன் நாட்டு ஆய்வுக் குழுவின் கப்பலைப் பனியிடையே இழந்து, அர்ஜென்டினக் கடற்படையால் மீட்கப்பட்டுப் பூனஸ் அயர்சு வந்து சேர்ந்தார். உயிர் தப்பி வந்தவர் விருந்தளித்தவர்களிடம் கேட்டது, உங்கள் வாசலில் இத்தனை திமிங்கிலங்கள் இருக்க நீங்கள் ஏன் பிடிக்கவில்லை என்பதுதான். அங்கேயே ஒரு நிறுவனம் தோன்றியது. 1904 நவம்பர் 16ஆம் நாள் லார்சன் தெற்கு ஜார்ஜியாவின் ஒரு குடாவில் தொழிற்கூடம் அமைக்கத் தொடங்கினார். பழைய கடல்நாய் வேட்டையர் கொழுப்பு உருக்கிய இரும்புக் கொப்பரைகள் அக்கரையில் கிடந்தமையால் அவ்விடத்துக்குக் கிரித்விக்கன், அதாவது 'கொப்பரைக் குடா', என்று பெயர். முதலாண்டுகளில் குடாவைவிட்டு வெளியே செல்லவே தேவை இருக்கவில்லை. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கரையோரமே வந்தன. பத்தாண்டுக்குள் அவை அருகிவிடவே, வேட்டை நீலத் திமிங்கிலத்தின் மீதும் துடுப்புத் திமிங்கிலத்தின் மீதும் பாய்ந்தது. 1904 முதல் 1965 வரை அத்தீவின் தொழிற்கூடங்களில் அறுக்கப்பட்டவை 1,75,250 திமிங்கிலங்கள்.

இந்த எண்ணெய் எங்கே போயிற்று? 1902இல் ஜெர்மானிய வேதியியலர் வில்ஹெல்ம் நார்மன், திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீடுகளில் வனஸ்பதி என்று வழங்கும் பொருள் இம்முறையால் ஆனதே. மீன் வாடை வீசிய திமிங்கில எண்ணெய் இவ்வாறு மணமற்ற கொழுப்பாகி, மார்கரின் என்ற பெயரில் ஐரோப்பிய உழைப்பாளர் குடும்பங்களின் ரொட்டியில் தடவப்பட்டது. வெண்ணெய் வாங்க வசதியற்றவர் வீட்டுக் கொழுப்பு அது. சோப்பாகவும் ஆயிற்று. முதல் உலகப் போரில் அதிலிருந்து பிரித்த கிளிசரின் வெடிமருந்துக்குப் போயிற்று. ஆதலால் இவ்வரலாற்றைச் செல்வர் சிலரின் பேராசைக் கதையாக எளிதில் சொல்லி முடித்துவிட முடியாது. ஏழை வீட்டுச் சமையலறையும் அதில் பங்குகொண்டது, அறியாமலே பங்குகொண்டது.

கிரித்விக்கனில் ஓர் ஆலயமும் உண்டு. நார்வேயில் செய்த மரப்பகுதிகளைக் கப்பலில் கொண்டுவந்து எழுப்பிய லூதரன் ஆலயம். 1913ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று அருள்பொழிவு பெற்றது. துருவப் பயணி ஷாக்கிள்டன் 1922இல் அங்கு காலமானபோது இறுதி வழிபாடு அங்கேதான் நடைபெற்றது. வேட்டையர் நடுவே கிறிஸ்தவ வாழ்வு சிறப்பாக இல்லை என்று அங்கு முதலில் பணியாற்றிய போதகர் லோக்கன் குறை கூறியதாகப் பதிவு உண்டு. மறைப்பணியில் முப்பது ஆண்டுகளை நெருங்குகின்ற நமக்கு இச்செய்தி சற்று உறுத்துகிறது. ஆலயத்திலிருந்து நடக்கும் தொலைவில் அறுவை மேடை. குடாவின் நீர் செந்நிறம். தொடக்க ஆண்டுகளில் வெளிக்கொழுப்பை மட்டும் உரித்துக்கொண்டு மற்ற உடலை அப்படியே கடலில் தள்ளிவிட்டார்கள். கரையெங்கும் எலும்பும் அழுகிய இறைச்சியும். குடியைப் பற்றியும் வழிபாட்டுக்கு வராமையைப் பற்றியும் கவலையுற்ற போதகர், வாசலுக்கு எதிரே நடப்பதை ஓர் அறக்கேள்வியாகக் கண்டிருப்பாரா? அவரைக் குறைகூற நாம் இதைக் கேட்கவில்லை. அக்காலத்து ஆன்மநூல்களில், கத்தோலிக்க நூல்களிலும்கூட, அப்படியொரு கேள்விக்கு இடமில்லை. நாம் அங்கே பணியாற்றியிருந்தாலும் குடியைப் பற்றியே மறையுரை ஆற்றியிருப்போம்.

கேள்வி கேட்டவர்கள் வேறு வழியாக வந்தார்கள். தீவு பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்தமையால், அங்கே எடுக்கும் எண்ணெய்க்கு அரசு தீர்வை வாங்கியது. கடல்நாய்க்கு நேர்ந்த கதி திமிங்கிலத்துக்கும் நேர்ந்தால் தீர்வையும் நின்றுபோகும் என்ற அச்சத்தில், அத்தீர்வைப் பணத்தைக் கொண்டே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 1923இல் குழு அமைந்தது. 1925இல், முன்பு ஸ்காட் தெற்கே சென்ற அதே 'டிஸ்கவரி' கப்பல், ஸ்டான்லி கெம்ப் தலைமையில் புறப்பட்டது. அவ்வாண்டே கிரித்விக்கனுக்கு அருகில் ஆய்வகமும் எழுந்தது. அங்கே மக்கின்டாஷ், வீலர் என்ற இரு இளைஞர்கள் அறுவை மேடையில், இரத்தத்தில் நின்றுகொண்டு, இழுத்துப் போட்ட ஒவ்வொரு திமிங்கிலத்தையும் அளந்தார்கள். வயிற்றைத் திறந்து உணவைப் பார்த்தார்கள். கருப்பையில் குட்டி உண்டா என்று நோக்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களிலிருந்து அவர்கள் பெற்ற அறிவு 1929இல் நூலாயிற்று.

வயிறுகளில் இருந்தது ஏறக்குறைய ஒரே பொருள்: கிரில் எனப்படும், விரல் நீளமே உள்ள, இறால் போன்ற உயிர். உலகில் வாழ்ந்த விலங்குகளுள் மிகப் பெரியது உண்பது இதையே. கடல்நாய், பென்குவின், பறவை, மீன் எல்லாம் இதை நம்பியே வாழ்கின்றன. கப்பலில் இருந்த அலிஸ்டர் ஹார்டி, ஓடும் கப்பலின் பின்னே இழுத்துச் செல்லும் ஒரு கருவியை அமைத்து, மிதவையுயிர்கள் கடலில் எங்கே கூட்டமாய் உள்ளன, எங்கே இல்லை என்று பட்டுத்துணிச் சுருளில் பதிவு செய்தார். (இந்த ஹார்டியே முதுமையில் ஆக்ஸ்போர்டில் மனிதரின் சமய அனுபவங்களைத் திரட்டி ஆராயும் நிலையம் ஒன்றை நிறுவினார். அன்னை தெரேசா 1973இல் முதன்முதல் பெற்ற டெம்பிள்டன் பரிசு 1985இல் அவருக்குக் கிடைத்தது. மிதவையுயிரை எண்ணிய அதே பொறுமையுடன் அவர் மன்றாட்டையும் ஆராய்ந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது.) முன்பு சாரணச் சிறுவனாக ஷாக்கிள்டனுடன் தெற்கே சென்ற ஜேம்ஸ் மார், கிரிலின் வாழ்வைப் பற்றி எழுதிய பெருநூல் 1962இல்தான் முடிந்து வெளிவந்தது.

அத்தனை உயிரைத் தாங்கும் வளம் அக்குளிர்க்கடலுக்கு எப்படி வந்தது? ஜார்ஜ் டீக்கன் என்ற இளம் வேதியியலர் 1937இல் இதை விரிவாக விளக்கினார். அண்டார்க்டிகாவைச் சுற்றி எந்த நிலமும் குறுக்கிடாமல் ஓடும் நீரோட்டம் ஒன்று உண்டு. அங்கே, மற்றக் கடல்களின் அடியாழத்தில் நீண்டகாலம் கிடந்து உரம் ஏறிய நீர் மேலெழுகிறது. நம் வயலுக்கு எரு எப்படியோ அப்படி அது அக்கடலுக்கு. கோடையில் பகல் முடிவின்றி நீளும்போது, அந்நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகுகின்றன; பாசியைக் கிரில் மேய்கிறது. குளிர்காலத்தில் கடல் உறைகையில் பனிக்கட்டி உப்பை வெளித்தள்ளுகிறது. உப்பு மிகுந்த குளிர்நீர் கனத்து, வெடல் கடல் முதலிய இடங்களில் அடித்தளத்துக்குச் சரிந்திறங்கி, வடக்கே மூன்று பெருங்கடல்களிலும் தரையோடு தரையாகப் பரவுகிறது. வடக்கே நிலத்தால் அடைபட்ட நம் இந்தியப் பெருங்கடலுக்கும் ஆழத்துக் குளிர்நீர் தெற்கிலிருந்தே வரவேண்டும். வங்கக் கடலின் அடியில் உள்ள நீரும் அவ்வழி வந்ததே. உயிர்க்காற்றைச் சுமந்துகொண்டு அது அங்கிருந்து நடந்து வந்திருக்கிறது.

இத்தகைய பேரறிவு, திமிங்கில எண்ணெயின் தீர்வையால் விளைந்தது. ஆனால் அது திமிங்கிலத்தைக் காக்கவில்லை. டிஸ்கவரி புறப்பட்ட அதே 1925இல், 'லான்சிங்' என்ற நார்வேக் கப்பல் பின்புறத்தில் ஒரு சறுக்குப் பாதையுடன் தெற்கே வந்தது. திமிங்கிலத்தைக் கரைக்குக் கொண்டுபோகாமல் கப்பலின் மேல்தளத்துக்கே இழுத்து ஏற்றி அறுக்கலாம். கரை வேண்டாம், கரையின் உரிமமும் வேண்டாம், தீர்வையும் வேண்டாம். 1930-31 பருவத்தில் இவ்வகைத் தொழிற்சாலைக் கப்பல்கள் 41 இயங்கின. அந்த ஒரே பருவத்தில் கொல்லப்பட்ட நீலத் திமிங்கிலங்கள் 29,000-க்கும் மேல். எண்ணெய் தேங்கி விலை சரிந்தது. மறுபருவம் நார்வேக் கப்பல்கள் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தன. அறிவியலாரின் எச்சரிக்கையால் முடியாததை விலைச்சரிவு ஓராண்டு செய்தது.

போருக்குப் பின், 1946இல் வாஷிங்டனில் ஓர் ஒப்பந்தம் பிறந்தது. அதன்கீழ் உலகத் திமிங்கில ஆணையம் அமைந்தது. அது கையாண்ட அளவுகோலை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். 'நீலத் திமிங்கில அலகு' என்று அதற்குப் பெயர். ஒரு நீலத் திமிங்கிலம் ஓர் அலகு. இரண்டு துடுப்புத் திமிங்கிலங்கள் ஓர் அலகு. இரண்டரை கூன்முதுகு, ஆறு சேயி வகை, இவையும் ஓர் அலகே. பருவத்துக்கு 16,000 அலகுகள் எல்லாருக்கும் பொதுவாக விடப்பட்டன, முந்தியவருக்கே மிகுதி. எந்த இனம் எத்தனை எஞ்சியுள்ளது என்ற கேள்வியே இவ்வலகில் எழாது. எண்ணெயை மட்டுமே அது அளந்தது. ஓர் இனத்தை மற்றோர் இனத்துக்கு ஈடாகச் சில்லறை மாற்றுவதுபோல் மாற்றிய இந்த அலகு 1972 வரை நீடித்தது. கொலைக்கருவியாகப் பீரங்கியைவிட இதுவே வலியது என்பது நம் கருத்து.

பொய்யும் சேர்ந்தது. சோவியத் கப்பல்கள் போருக்குப் பின் தென்கடலில் கொன்றதாக அறிவித்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் சுமார் 2,700. உண்மையில் கொன்றவை 48,000-க்கும் மேல். ரஷ்ய அறிவியலர் அலெக்ஸி யாப்லகோவ் 1993இல் இதை உலகுக்கு வெளியிட்டார். கப்பல்களில் பணியாற்றிய ஆய்வாளர் சிலர் மெய்க்கணக்குகளை அழிக்காமல் ஒளித்து வைத்திருந்தார்கள். அதனாலேயே உண்மை நமக்குக் கிட்டிற்று. இருபதாம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் 20 இலட்சத்தைத் தாண்டும். அண்டார்க்டிக் நீலத் திமிங்கிலம் ஒரு காலத்தில் ஏறத்தாழ 2,39,000 இருந்தது. 1970களின் தொடக்கத்தில் சில நூறுகளாகச் சுருங்கிற்று என்பது இன்றைய மதிப்பீடு. வணிக வேட்டைக்கு ஆணையம் 1982இல் தடை இயற்றியது. அது 1985-86இல் நடைமுறைக்கு வந்தது.

இனி நாம் வியக்கத்தக்க ஒரு செய்திக்கு வருகிறோம். தின்னும் வாய்கள் போய்விட்டமையால் தென்கடலில் கிரில் கோடிக்கணக்கான டன் மிகுந்துவிடும் என்று 1970களில் அறிஞர் பலர் எதிர்பார்த்தார்கள். அந்த 'மிச்சத்தை' மனிதர் உண்ணலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. எதிர்பார்த்த பெருக்கம் நிலைபெறவில்லை. தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் 1970களுக்குப் பின் கிரில் குறைந்தே வந்துள்ளது என்று 2004இல் ஓர் ஆய்வு கூறிற்று. குறைவின் அளவைப் பற்றி இன்றும் வாதம் உண்டு.

இப்புதிருக்கு ஒரு விடை இரும்பு. தென்கடலில் மற்ற உரங்கள் நிறைய இருந்தும், பாசிக்கு வேண்டிய இரும்புச்சத்து மிக அரிது. கிரிலின் உடலில் இரும்பு உண்டு. திமிங்கிலம் ஆழத்தில் மேய்ந்து, மேற்பரப்புக்கு வந்து மூச்சுவிடுகையில் கழிவை விடுகிறது. அண்டார்க்டிக் கடல்நீரில் உள்ளதைப்போல் ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு செறிவான இரும்பு அக்கழிவில் இருப்பதை 2010இல் கண்டார்கள். அவ்விரும்பால் பாசி வளர, பாசியால் கிரில் வளர்கிறது. வேட்டைக்கு முன் தென்கடலின் திமிங்கிலங்கள் ஆண்டுதோறும் 43 கோடி டன் கிரிலை உண்டிருக்கலாம் என 2021இல் ஒரு குழு கணித்தது. இன்று உலகின் எல்லாக் கடல்களிலும் நீர்நிலைகளிலும் மனிதர் பிடிக்கும் மீன் சுமார் 9 கோடி டன்தான். உண்டவர்கள் போனால் உணவு மிகும் என்பது நம் அடுக்களைக் கணக்கு. அந்தக் கடலிலோ உண்டவர்களே உழவர்களாயும் இருந்தார்கள். இக்கருத்து இன்னும் முற்றும் மெய்ப்பிக்கப்பட்டது அன்று. ஆயினும் சான்றுகள் இப்பக்கமே சாய்கின்றன.

மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் உலகக் கடல்கள் ஏற்கும் பங்கில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தென்கடலே ஏற்கிறது என்கிறார்கள். கடல்கள் விழுங்கும் மிகை வெப்பத்திலோ முக்கால் பங்கு. நம் கரைகளில் வெப்பம் இன்னும் இவ்வளவோடு நிற்பதற்கு அக்கடலும் ஒரு காரணம். அதற்கான விலையை அதுவும் கொடுத்துவருகிறது. செப்டம்பரில் அண்டார்க்டிகாவைச் சுற்றி உறையும் கடல்பனி வழக்கமாக 1 கோடியே 80 இலட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டும். 2023இல் அது 1 கோடியே 70 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய பின் அவ்வளவு குறைந்ததில்லை. குளிர்காலத்தில் கிரில் குஞ்சுகள் அப்பனியின் அடிப்புறத்துப் பாசியை மேய்ந்தே உயிர் தாங்குகின்றன.

திமிங்கிலம் போனபின் மனிதர் கிரிலையே பிடிக்கத் தொடங்கினர். 1980இல் கான்பெராவில் கையொப்பமாகி 1982இல் நடைமுறைக்கு வந்த ஓர் உடன்படிக்கை இதை ஆள்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பினர். பிடிக்கும் உயிரை மட்டும் எண்ணாமல், அதை நம்பி வாழும் உயிர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று அது விதித்தது. திமிங்கில அலகின் நூற்றாண்டில் இப்படியொரு வாசகம் எழுதப்பட்டது பெரிய மாற்றமே. தென் அட்லாண்டிக் பகுதிக்கு ஆண்டு வரம்பு 6,20,000 டன். பலகாலம் அதை நெருங்கவில்லை. இப்பொழுது பெரும்பகுதி பண்ணை மீன்களுக்குத் தீவனமாகவும், மாத்திரைக் குப்பியில் எண்ணெயாகவும் போகிறது. வரம்பைச் சிறுபகுதிகளாகப் பிரித்து, மீன்பிடிப்பு ஒரே இடத்தில் குவியாமல் காத்த விதி 2024இல் காலாவதியாயிற்று. உறுப்பு நாடுகள் அதைப் புதுப்பிக்க உடன்படவில்லை. 2025இல் பருவம் முடியுமுன்னரே, ஆகஸ்டு தொடக்கத்தில், வரம்பு எட்டப்பட்டு மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது.

இதற்கிடையே திமிங்கிலங்கள் திரும்பி வருகின்றன. தென்மேற்கு அட்லாண்டிக்கின் கூன்முதுகு இனம் 1950களில் 450-க்கும் கீழாயிருந்தது. இப்போது ஏறத்தாழ 25,000. தெற்கு ஜார்ஜியாவைச் சுற்றி 2020இல் நடந்த கணக்கெடுப்பில் 55 நீலத் திமிங்கிலங்களைக் கண்டார்கள். அதற்கு முந்திய இருபது ஆண்டுக் கணக்கெடுப்புகளில் கண்டது ஒன்றே ஒன்று. 2022 ஜனவரியில் தெற்கு ஓர்க்னித் தீவுகளுக்கு அருகே சென்ற ஒரு கப்பலிலிருந்து, ஏறத்தாழ ஆயிரம் துடுப்புத் திமிங்கிலங்கள் ஒரே இடத்தில் கூடி மேய்வதைக் கண்டார்கள். அடிவானம் முழுவதும் மூச்சுத் தூம்புகள். அதே கிரில் கூட்டத்தின் மீது, அத்திமிங்கிலங்களின் ஊடாகவே, நான்கு இழுவலைக் கப்பல்களும் வலையை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.